போர்ட்லண்டில் ஒரு ஹோம்ப்ரூ கிளப்: இரண்டு வருடச் சந்தா கட்டிய பிறகு

ஹோம்ப்ரூ என்றால் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லண்டில், அப்படிக் காய்ச்சுகிறவர்கள் கூடும் கிளப் ஒன்றில் நான் இருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு நான் கொண்டு போனது நான் காய்ச்சிய பீரில் ஒரே ஒரு பாட்டில். பழுப்பு நிற 12 அவுன்ஸ் பாட்டில், மூடியில் மார்க்கரால் ‘பேல் ஏல்’ என்று பீர் வகையின் பெயரை எழுதியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரர், இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிக்கொண்டார். குடிக்கவில்லை. டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடி ஒரு சுற்றுச் சுற்றினார், கையை எடுத்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் இன்னொரு முறை. பிறகு என்னைப் பார்த்து, “தண்ணீரைக் குழாயிலிருந்து அப்படியே எடுத்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை, முந்தின நாள் ராத்திரியே பிடித்து வைத்துவிட்டேன்” என்றேன். விருதுநகர்ப் பக்கம் வளர்ந்தவள் நான். தண்ணீரைப் பிடித்து வைத்துப் புழங்குவது கையோடு வந்த பழக்கம். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் வாடை போய்விடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது.

“குளோரின் போகும். இந்த ஊரில் தண்ணீரில் இருப்பது குளோராமின். அது ஒரு ராத்திரியில் போகாது” என்று சொல்லி டம்ளரை என்னிடம் நீட்டினார். “காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைப் பிரித்ததும் ஒரு வாடை வருமே, அது வருகிறதா பாருங்கள்.”

வந்தது. அந்த பீரை நான் அதற்கு முன் ஆறேழு தடவை முகர்ந்திருக்கிறேன், குடித்திருக்கிறேன். ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. அவர் சொன்ன பிறகு அந்த பீரில் எனக்கு அந்த வாடையைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை.

இந்தக் கிளப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதுதான். நம் வீட்டு வாடை நமக்குத் தெரியாது, வெளியிலிருந்து உள்ளே வருகிறவருக்குத்தான் தெரியும். தனியாகக் காய்ச்சுகிற பீரும் அப்படியே. அந்த வெளியாள் மூக்குக்காகத்தான் நான் இரண்டு வருடமாகச் சந்தா கட்டுகிறேன்.

கிளப்பின் பெயரை எழுதவில்லை. கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன், அதைப் பெயர் போட்டுச் சொல்ல மனம் வரவில்லை. போர்ட்லண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப் பல கிளப்புகள் உண்டு, 1979-இல் தொடங்கிய ஓரிகன் ப்ரூ க்ரூ உட்பட. நான் எழுதுவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

என் கிளப்பில் வருடச் சந்தா 35 டாலர். மாதம் ஒரு கூட்டம், இரண்டாம் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு. முதல் இரண்டு கூட்டத்துக்குச் சும்மாவே போகலாம், அதற்குள் பிடித்திருந்தால் பணம் கட்டினால் போதும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பீர் காய்ச்சத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குடிக்க மட்டும் வருகிறவர்களை யாரும் விரட்டுவதில்லை, ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் அவர்களே நின்றுவிடுவார்கள். அங்கே நடக்கிற பேச்சு முழுக்க வெப்பநிலையும் ஈஸ்டும் தண்ணீரில் உள்ள உப்பும்தான்.

குளோராமின் கதையை முடித்துவிடுகிறேன். அதற்கு மருந்து கேம்ப்டன் மாத்திரை, அதாவது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை 20 கேலன் தண்ணீருக்குப் போதும். நான் ஒரு தடவைக்கு எடுப்பது எட்டு கேலன், அரை மாத்திரையே தாராளம். பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. போடாவிட்டால் அந்த குளோராமின் காய்ச்சும்போது உண்டாகும் ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். துளியூண்டு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். போர்ட்லண்டின் தண்ணீர் மவுண்ட் ஹுட் மலைப் பக்கத்தில் புல் ரன் என்ற காட்டுப் பகுதியிலிருந்து வருகிறது. உப்பு ஏறாத மென்மையான தண்ணீர். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடினத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவளுக்கு இது வரம். அந்த அரை மாத்திரைதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. எட்டு மாதம் தனியாகக் காய்ச்சி நான் கண்டுபிடிக்காததை ஒரு மனிதர் இரண்டு தடவை முகர்ந்து சொன்னார்.

சரி, தண்ணீரைச் சரிசெய்தாயிற்று. அடுத்த பீரைப் பெருமையாகக் கொண்டு போனேன். பிளாஸ்டர் வாடை இல்லை. ஆனால் தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று ஒரு எரிச்சல், மூக்கில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. இந்தத் தடவை கேள்வி கேட்டவர் ஒரு நர்ஸ், கிளப்பில் இருக்கும் சில பெண்களில் ஒருவர். “ஈஸ்ட் போட்ட பிறகு வாளியை எங்கே வைத்தீர்கள்?”

இட்லி மாவு வைக்கிற இடத்தில் வைத்தேன். இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது என்பது இந்த ஊர்த் தமிழ் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த துயரம். நான் ஹீட்டர் காற்று வருகிற துளைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கண்டுபிடித்து வைத்திருந்தேன். 28 டிகிரி செல்சியஸ் இருக்கும். மாவு எட்டு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு ஏறி வரும். புளிக்க வேண்டிய பொருள் என்றால் சூடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மாவில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா, அதற்குச் சூடு பிடிக்கும். பீரில் வேலை செய்வது ஈஸ்ட். ஏல் வகை ஈஸ்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 20 டிகிரிதான் இதமான இடம். இதில் இன்னொரு விஷயம், நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டை உண்டாக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வாளிக்குள் இருக்கும் சூடு அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். நான் 28-இல் வைத்தது உள்ளே 30-ஐத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்களையும் அந்த வாடையையும் உண்டாக்கிவிட்டது.

நர்ஸ் சொன்ன வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாளியை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, மேலே பழைய பனியன் ஒன்றைப் போர்த்தி, அதன் நுனி தண்ணீரில் நனைகிற மாதிரி விட வேண்டும். துணி தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும், அது காய்ந்துகொண்டே இருக்கும், வாளி குளிர்ந்துகொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் ஆச்சி மண்பானையைச் சுற்றி ஈரத் துணி கட்டுவாள். அதே வித்தை. ஹீட்டர் மூலையை இட்லி மாவுக்கு விட்டுவிட்டு, வாளியை காராஜுக்குத் தொட்டியோடு கொண்டுபோனேன். மூன்றாவது பீரை நானே விரும்பி இரண்டாவது டம்ளர் ஊற்றிக் குடித்தேன்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு: முதல் கால் மணி அறிவிப்புகள். அப்புறம் யாராவது ஒருவர் ஒரு விஷயத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். நான் இருந்த வரையில் நல்ல பேச்சு என்றால் ஈஸ்டைப் பற்றி நடந்ததுதான். இங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத் தொலைவில், ஹுட் ரிவர் பக்கம் ஓடெல் என்ற சிற்றூரில் இருக்கிறது வையீஸ்ட் நிறுவனம். 1986 முதல் திரவ ஈஸ்ட் விற்கிறார்கள். உறைக்குள் ஒரு சின்னப் பை இருக்கும், அதை உள்ளங்கையால் ஓங்கி அடித்து உடைத்தால் உள்ளே இருக்கும் சத்து ஈஸ்டோடு கலந்து, சில மணி நேரத்தில் உறை தலையணை மாதிரி உப்பும். அன்று பேசியவர் ஒரே வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்புச் சாற்றை, நான்கு ஜாடியில் பிரித்து நான்கு ஈஸ்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒன்று வாழைப்பழ வாசனை, ஒன்று கிராம்பு, ஒன்றில் ஒன்றுமே இல்லாத சுத்தம், ஒன்றில் லேசான பேரிக்காய். மால்ட் என்ற முளைகட்டிய பார்லியும், கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் என்ற கொடிக் காயும் நான்கிலும் ஒன்றுதான். புத்தகத்தில் பத்து தடவை படித்தது அன்றைக்குத்தான் நாக்கில் ஏறியது.

அதன்பின் பாட்டில்கள் திறக்கும். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ், சுமார் 60 மில்லி. லேசானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிப்பது மரபு. மேசையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும், கீழே ஒரு வாளி. பிடிக்காததை வாளியில் ஊற்றலாம், கொண்டுவந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: 60 மில்லிதானே என்று விட்டால் பன்னிரண்டு பாட்டில் முடியும்போது 700 மில்லியைத் தாண்டிவிடும். நான் மேக்ஸ் என்ற நகர ரயிலில்தான் போய் வருகிறேன். காரில் வருகிறவர்களைக் கூட்டம் முடிந்ததும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது எனக்கு உறுத்தல். ஒரு தடவை கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை.

சட்டம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இருந்து போன் பண்ணுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் வைன் செய்யலாம் என்று ஆனது, பீர் விட்டுப்போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. 1979 பிப்ரவரியிலிருந்து, வயது வந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரி இல்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது. நான் வருடத்துக்கு ஏழு தடவை, தடவைக்கு ஐந்து கேலன் காய்ச்சுகிறேன். என் கணவர் குடிப்பதில்லை. பாதிக்கு மேல் கிளப்புக்கும் பக்கத்து வீடுகளுக்கும் போய்விடும். மாநிலச் சட்டங்கள் வேறு இருக்கின்றன. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் வழிவிட்டன. தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம், இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம்.

ஓரிகனுக்கே ஒரு கதை உண்டு. 2010-இல் பழைய சட்ட வாசகம் ஒன்றைக் கூர்ந்து படித்த அரசு வழக்கறிஞர்கள், வீட்டில் காய்ச்சிய பீரை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகவே கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம் என்றார்கள். மாநிலக் கண்காட்சியில் நடக்க இருந்த ஹோம்ப்ரூ போட்டி நின்றது. கிளப்புகளும் திகைத்தன. அடுத்த வருடம், 2011-இல், சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தபால்காரர் அந்தச் சமயத்தில் சேலம் நகருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர். ஓரிகனின் தலைநகர் பெயரும் சேலம்தான், நான் முதலில் கேட்டபோது ஒரு கணம் நம் சேலத்தை நினைத்தேன். “அந்த மாதங்களில் கூட்டத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனோம். ஆனால் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை” என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. சந்தா 35 டாலர் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வரும்.

கிளப்பின் பெரிய லாபம் எல்லோரும் சேர்ந்து பீர் காய்ச்சுகிற நாட்கள். மே மாத முதல் சனிக்கிழமை நாடு முழுவதும் ஹோம்ப்ரூ ஆட்கள் சேர்ந்து காய்ச்சுவார்கள். அது தவிர எங்கள் கிளப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவரின் காராஜில் நடக்கும். புதிதாகச் சேர்பவர்கள் கூட்டத்துக்குப் போவதைவிட முதலில் இதற்குப் போங்கள் என்பேன். நான் அதுவரை மால்ட் சாற்றுப் பாகு வாங்கி, வெந்நீரில் கரைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். முழுத் தானியத்தில் செய்வது எனக்கு எட்டாத வேலை என்று நினைத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால், உடைத்த மால்ட்டை 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். அவ்வளவுதான். தானியத்தில் உள்ள என்சைம்களே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது பிக்னிக்குக்கு எடுத்துப் போகிற ஐஸ் பெட்டி. குளிரை உள்ளே வைக்கிற பெட்டி சூட்டையும் உள்ளே வைக்கும்.

மூடியைத் திறந்ததும் ஆவியோடு ஒரு வாசனை முகத்தில் அடித்தது. ஹார்லிக்ஸ். பரீட்சைக்குப் படிக்கும்போது அம்மா ஆற்றிக் கொடுக்கிற ஹார்லிக்ஸ், அதே வாசனை. ஹார்லிக்ஸிலும் முளைகட்டிய பார்லி உண்டே. ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். சர்க்கரை போட்டுப் பால் விடாத ஹார்லிக்ஸ். அந்தக் காராஜில் இருந்த பதினோரு பேரில் யாருக்கும் ஹார்லிக்ஸ் என்றால் என்னவென்று தெரியவில்லை. அடுத்த தடவை ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் கலந்து கொடுத்தேன். நர்ஸ் அதைக் குடித்துவிட்டு, இதிலேயே ஈஸ்ட் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். இன்னும் யாரும் செய்து பார்க்கவில்லை.

கருவிகளும் கிளப்பில் இரவல் கிடைக்கும். மால்ட் உடைக்கும் மில், கெக் என்ற பீர் பீப்பாயிலிருந்து பாட்டிலில் நுரையில்லாமல் நிரப்பும் கருவி, இரண்டு பெரிய கெட்டில். இதை எல்லாம் சொந்தமாக வாங்கினால் சில நூறு டாலர் ஆகிவிடும். மால்ட்டை மூட்டையாக, 55 பவுண்டு மூட்டை, சேர்ந்து வாங்குவோம். மில்லைத் திருப்பித் தரும்போது தூசி துடைத்துத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதிப் பேர் துடைப்பதில்லை.

செப்டம்பரில் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். போர்ட்லண்டுக்குத் தெற்கே வில்லமெட் பள்ளத்தாக்கு முழுக்க ஹாப்ஸ் தோட்டங்கள் உண்டு. உலகம் முழுவதும் போடுகிற காஸ்கேட் ஹாப்ஸ், இதே மாநிலத்தில் கோர்வாலிஸ் ஊரில் அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில் உருவாகி 1972-இல் வெளிவந்தது. முதல் தடவை தோட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்தான் நினைவு வந்தது. கொடி ஏறுகிற உயரம்தான் வேறு, இங்கே பதினெட்டு அடி. கிளப் ஆள் ஒருவர் கொல்லையில் பத்துக் கொடி வைத்திருக்கிறார். வருடா வருடம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் போய்ப் பறிப்போம். முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள். கொடித் தண்டில் கொக்கி மாதிரி நுண்ணிய முள் இருக்கும், முன்கை முழுக்கக் கோடு விழுந்து இரண்டு நாள் அரிக்கும். முதல் வருடம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு காயை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி இருக்கும், தாழம்பூ மகரந்தம் மாதிரி, ஆனால் பிசுபிசுப்பாக. விரலில் தேய்த்தால் நாரத்தை இலையைக் கசக்கிய வாசனை. நாக்கில் வைத்தால் வேப்பங்கொழுந்து தோற்கும் கசப்பு, பல் தேய்த்தாலும் போகாது. அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே அடுப்பில் கொதிக்கிற வோர்ட்டில் போட வேண்டும், மறுநாள் வரை வைத்தால் வாடை மாறத் தொடங்கிவிடும். காயாததில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் காய்ந்த ஹாப்ஸைப் போல ஐந்து மடங்கு போடுவோம். அந்த பீரில் ஒரு பச்சை வாசனை இருக்கும், மழைக்குப் பின் வெட்டிய புல் மாதிரி. ஒன்றிரண்டு மாதத்தில் மங்கிவிடும். கடையில் வாங்குகிற பீரில் அதைத் தேடினால் செப்டம்பர், அக்டோபரில் மட்டும்தான் கிடைக்கும்.

இப்போது குறைகள். போட்டிகளுக்கு அனுப்பச் சொல்லிக் கிளப் ரொம்பத் தூண்டும். பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 புள்ளி: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. நல்ல ஏற்பாடு. சுவையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அந்தத் தாளைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குக் கட்டணம் கட்டி, மூன்று பாட்டிலைப் பெட்டியில் சுற்றி அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் 24 புள்ளியும் “நல்ல முயற்சி, நொதித்தலைக் கவனிக்கவும்” என்ற ஒரு வரியும். நொதித்தலில் என்ன? சூடா, ஈஸ்ட் அளவா, தொற்றா? ஒன்றும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரு வரி எழுதுவது தப்பு. ஆறு வாரம் ஒருவர் காத்திருந்து செய்த பொருளுக்கு முன்னால் உட்காருகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் கடமை. அதே பீரின் மீதிப் பாட்டிலைக் கிளப் கூட்டத்துக்குக் கொண்டு போனேன். நான்கு பேர் உட்கார்ந்து தாள் நிரப்பிக் கொடுத்தார்கள், இரண்டு பக்கமும் எழுத்து. ஈஸ்ட் போதாமல் தொடங்கியிருக்கிறது, பச்சை ஆப்பிள் வாடை மிச்சம் இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் போயிருக்கும் என்றார்கள். அடுத்த தடவை ஒரு வாரம் விட்டேன். போயிருந்தது.

இன்னொரு குறை, முதல் நாள் கதவருகே ஒருவர் என்னிடம் “உங்கள் கணவர் காய்ச்சுகிறாரா?” என்று கேட்டது. வேணும் என்று கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் வலித்தது. நாற்பது பேர் வருகிற கூட்டத்தில் பெண்கள் நாங்கள் ஐந்தாறு பேர். நிறம் வேறான ஆள் அநேகமாக நான் மட்டும். யாரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பாடம் மாதிரி அடியிலிருந்து சொல்லித் தருவார்கள், அதே சந்தேகத்தைப் பக்கத்தில் இருக்கிற பையன் கேட்டால் நேராகப் பதில் வரும். நான் உணவு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரைத் தினமும் தொடுகிறேன். இதை நர்ஸிடம் சொன்னேன். அவர் அடுத்த மாதப் பேச்சுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். மாஷில், அதாவது மால்ட் வெந்நீரில் ஊறும் கலவையில், பி.எச். ஏன் 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினேன். அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் எழுந்து நின்று பேசித்தான் இடம் பிடிக்க வேண்டும் என்று இருக்கக் கூடாது. புதிதாக வரும் பெண்களின் பக்கத்தில் இப்போது நானே போய் உட்காருகிறேன்.

ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பீர், அதன் மோகமும் அதிகம். பன்னிரண்டு பாட்டிலில் ஏழு ஐபிஏ. ஹாப்ஸ் விளைகிற ஊர், புரிகிறது. இருந்தாலும் நாலாவது பாட்டிலுக்கு மேல் என் நாக்கு மரத்துவிடும்.

அதனால்தான் போன வசந்தத்தில் பெல்ஜிய விட்பியர் காய்ச்சினேன். பாதி கோதுமை, ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை போட்டுச் செய்வது. ஹோகார்டன் ஊரில் அழிந்தே போயிருந்த இந்த வகையை 1960-களில் பியர் செலிஸ் என்ற பால்காரர் மீட்டெடுத்தார். புத்தகத்தில் மல்லி என்று மட்டும் போட்டிருந்தது. வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருந்ததை 15 கிராம் எடுத்து, அம்மியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டேன். அம்மி மாமியார் கப்பலில் அனுப்பியது, காராஜில் இருக்கிறது.

கூட்டத்தில் தபால்காரர் வழக்கம்போல் டம்ளரை மூடிச் சுற்றினார். முகர்ந்தார். “இந்த மல்லி எங்கே வாங்கினீர்கள்?” என்றார். இந்தியக் கடையில் என்றேன். அவர் சிரித்தார். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற உருண்டை மல்லியைப் போட்டால் சாசேஜ் வாடை வருகிறது, நீள்வட்டமாக வெளிறின நிறத்தில் இருக்கிற இந்திய மல்லியில்தான் எலுமிச்சை வாசனை வரும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், யாரும் கேட்கவில்லையாம். என் பையில் மீதி இருந்த மல்லியை மேசையில் கொட்டினேன். அவர் தன் சமையலறையிலிருந்து கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்ன உருண்டை மல்லி அடுத்த மாதம் வந்தது. இரண்டையும் நசுக்கி ஆளுக்கு ஆள் முகர்ந்தார்கள். அந்த பீர் பிறகு ஒரு போட்டியில் 38 வாங்கியது. இரண்டு தாளும் நிறைய எழுதி வந்தன.

யார் சேரலாம்? ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை காய்ச்சிப் பார்த்து ஏதோ சரியில்லை என்று நினைக்கிறவர்கள் தாமதிக்க வேண்டாம், நாளைக்கே போங்கள். கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும், நன்றாக இல்லாத பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பீர் கொண்டு போனால் பாராட்டு கிடைக்கும், அதோடு முடிந்துவிடும். இன்னும் தொடங்காதவர்கள் சேர்ந்து காய்ச்சுகிற நாளுக்கு முதலில் போய் ஒரு கரண்டி வோர்ட் குடித்துவிட்டு முடிவெடுக்கலாம். வெறுமனே பேச்சுத் துணைக்கு ஒரு இடம் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. வீட்டுக்கு வீடு அழைக்கிற பழக்கமெல்லாம் இவர்களிடம் குறைவு. இரண்டு வருடத்தில் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டது நர்ஸ் ஒருவர்தான்.

ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்றைக் குறைத்தது காரில் போகிறவர்களை யாரும் கேட்காததற்காக.

சந்தாவை இந்த வாரம் மறுபடி கட்டிவிட்டேன். வியாழக்கிழமை கூட்டத்துக்கு மல்லி வேண்டும் என்று ஆறு பேர் சொல்லியிருக்கிறார்கள். பீவர்டன் கடையில் ஒரு கிலோ வாங்கி, ஆளுக்கு நூறு கிராமாகக் கட்டி வைத்திருக்கிறேன். தபால்காரருக்கு மட்டும் இருநூறு.